கதையில் குறிகள்: எதை விடலாம், எதை விடக்கூடாது

"என் முதல் சிறுகதையை ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன். உரையாடல்களை மேற்கோள்குறி இல்லாமலே எழுதியிருந்தேன். கதையை ஏற்றுக்கொண்டார்கள், ஆனால் எல்லா இடங்களிலும் குறிகளைப் போட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். எழுத்தாளர் சரமாகோ குறி போட்டாரா? புனைவு எழுதுகிறவர் நிறுத்தக்குறி விதிகளுக்குக் கட்டுப்பட்டவரா?" என்று கேட்டிருக்கிறீர்கள். மாதிரிக்கு ஒரு பத்தியையும் இணைத்திருக்கிறீர்கள். அதைக் கடைசியில் பார்ப்போம்.

நான் முப்பது ஆண்டுகளாக மெய்ப்புப் பார்க்கிறவன், அதாவது அச்சுக்குப் போகும் முன் பிரதியைத் திருத்துகிறவன். உங்கள் கதையில் குறி போட்டவரின் நாற்காலியில்தான் நானும் உட்கார்ந்திருக்கிறேன். இருந்தும் சொல்கிறேன், நீங்கள் கட்டுப்பட்டவர் இல்லை. ஆனால் மீறுவதற்கு முன்னால், மீறப்போவது எந்த மொழியின் விதி என்று பார்த்துக்கொள்ளுங்கள். நம் எழுத்தாளர்கள் பலர் ஆங்கிலத்தின் விதியைத் தமிழில் மீறிவிட்டுப் புதுமை செய்துவிட்டதாக நினைக்கிறார்கள். தமிழில் அங்கே மீறுவதற்கு ஒன்றுமே இருந்திருக்காது.

சரமாகோவையே எடுத்துக்கொள்வோம். 1998இல் நோபல் பரிசு பெற்ற போர்ச்சுகீசிய எழுத்தாளர். அவருடைய புகழ்பெற்ற நாவல்களில் மேற்கோள்குறி கிடையாது, வினாக்குறி கிடையாது. காற்புள்ளியும் முற்றுப்புள்ளியும் மட்டும். பக்கக்கணக்கில் நீளும் ஒரே பத்திக்குள் இரண்டு மூன்று பேர் பேசிக்கொள்வார்கள். வாசகன் எப்படித் தடம் தப்பாமல் போகிறான்? ஒருவர் பேச்சு முடிந்ததும் காற்புள்ளி வரும். அடுத்தவர் பேச்சு பெரிய எழுத்தில் தொடங்கும். வாக்கியத்தின் நடுவில் பெரிய எழுத்தைப் பார்த்ததும் குரல் மாறிவிட்டது என்று கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. ஆக, அவர் குறியை விட்டுவிடவில்லை. வேறொரு குறியை அந்த இடத்தில் வைத்திருக்கிறார். நம் எழுத்தில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதமே இல்லை. அதே உத்தியை அப்படியே இங்கே கொண்டுவந்தால் பாதி உத்திதான் வந்து சேரும். அந்த மாதிரி நாவல்களைத் தமிழில் படிக்கும்போது மூச்சு முட்டுவதாகப் பலரும் சொல்வதற்கு இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

அவரிடம் இல்லாத வேறொன்று நம்மிடம் இருக்கிறது. தமிழ் தன் குறிகளில் பெரும்பகுதியைச் சொல்லுக்குள்ளேயே வைத்திருக்கிறது.

தொல்காப்பியத்தின் இடையியலில் ஏகாரத்துக்கு ஐந்து வேலைகள் சொல்லப்பட்டிருக்கின்றன: தேற்றம் (உறுதி), வினா, பிரிநிலை (ஒன்றைப் பிரித்துக் காட்டுவது), எண் (அடுக்கிச் சொல்வது), ஈற்றசை (பாட்டின் ஈற்றில் வரும் அசை). இந்தப் பட்டியலைப் பள்ளியில் மனப்பாடம் செய்துவிட்டு மறந்திருப்போம். ஒரு மெய்ப்பாளனின் கண்ணோடு மறுபடி பாருங்கள். வினா ஏகாரம் செய்வது இன்றைய வினாக்குறியின் வேலை. "நிலனே நீரே தீயே வளியே" என்று அடுக்கும்போது எண் ஏகாரம் செய்வது காற்புள்ளியின் வேலை. ஈற்றசை, பாட்டு முடிந்தது என்று காதுக்குச் சொல்கிறது, அது முற்றுப்புள்ளி. தேற்றத்துக்கு நாம் இன்று வியப்புக்குறி போடுகிறோம். ஒற்றை உயிரெழுத்து நான்கு குறிகளின் வேலையைப் பார்த்திருக்கிறது.

உம்மையும் அப்படித்தான். "அண்ணனும் தம்பியும் அத்தையும் வந்தார்கள்" என்ற வாக்கியத்தில் காற்புள்ளிக்கு வேலையே இல்லை. "அண்ணனும், தம்பியும், அத்தையும்" என்று எழுதுவது ஒரே கதவுக்கு இரண்டு பூட்டு. நான் எடுத்துவிடுவேன். "வருகிறாயா" என்பதில் கடைசி ஆகாரமே கேள்வி. "எங்கே", "யார்", "ஏன்" ஆகியவை பிறக்கும்போதே கேள்விகள். உரையாசிரியர்கள் பத்தி பத்தியாக உரைநடை எழுதிவிட்டு "என்க", "என்பது", "ஆம்" என்று நிறுத்தினார்கள். ஓலையில் புள்ளி வைத்தால் ஓலை கிழியும் என்பதால் மெய்யெழுத்துக்கே புள்ளி வைக்காமல் எழுதிய காலம் அது. வாக்கியத்தின் முடிவுக்குத் தனியாகப் புள்ளி எங்கே வைப்பது? காற்புள்ளி, அரைப்புள்ளி, மேற்கோள்குறி எல்லாம் அச்சோடு, ஐரோப்பியப் பழக்கத்தோடு வந்தவை. 19ஆம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் (1822–1879) தம் உரைநடையில் அவற்றைச் சீராகக் கையாண்டார், நமக்குப் பழக்கமாயிற்று.

நம்மிடம் இருக்கும் குறிச்சொற்களில் கதை எழுதுகிறவருக்கு மிக முக்கியமானது "என்று".

"வருகிறேன் என்றான்" என்று எழுதினால் அது அவன் வாயிலிருந்து வந்த சொல். "வருவதாகச் சொன்னான்" என்று எழுதினால் நீங்கள் எடுத்துச் சொல்வது. நேர்கூற்றா அயற்கூற்றா என்பதை வினைமுற்றும் "என்று"வும் சேர்ந்து காட்டிவிடுகின்றன. மேற்கோள்குறி இல்லாவிட்டாலும் இந்த வேறுபாடு அழியாது. இதை வைத்துக்கொண்டு தமிழ்ப் புனைவில் என்னவெல்லாமோ செய்யலாம். இப்படியொரு வசதியைக் கையில் வைத்துக்கொண்டு குறி போடலாமா கூடாதா என்று வெளியூர்க்காரரிடம் அனுமதி கேட்கிறோமே என்று எனக்கு வருத்தம்.

ஆனால் இதற்கு ஒரு எல்லை உண்டு. உங்கள் கேள்விக்கான பதில் அந்த எல்லையில்தான் இருக்கிறது.

"என்று" பேச்சு முடிகிற இடத்தைக் காட்டும். தொடங்குகிற இடத்தைக் காட்டாது. வினைமுற்றும் கடைசியில் வருகிறது, வினா ஆகாரமும் கடைசியில் வருகிறது, உருபும் சொல்லின் கடைசியில் ஒட்டுகிறது. தமிழ் எதையும் முடிவில் கட்டிவைக்கிற மொழி. ஒரு தொடரின் வாலை அது தவறாமல் காட்டும். தலை எங்கே என்பதை நாமே ஊகித்துக்கொள்ள வேண்டும். பழைய உரையாசிரியர் நச்சினார்க்கினியர் தம் உரையில் பிற நூல் அடிகளை எடுத்துக்காட்டிவிட்டு "என்றார் பிறரும்" என்று முடிப்பார். மேற்கோள் முடிந்ததென்று அந்தச் சொல் அறிவிக்கும். யார் சொன்னது, எந்த நூலில் சொன்னது என்பதற்கு ஏட்டில் அடையாளம் இருக்காது. சீவக சிந்தாமணியை அவர் உரையோடு 1887இல் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர், அந்த அடிகள் எந்தெந்த நூல்களுக்கு உரியவை என்று தேடித் தேடி அலைந்தார். ஒரு மகாவித்துவானின் மாணவருக்கே அவ்வளவு வேலை வைத்த சங்கதியை, பஸ்ஸில் நின்றுகொண்டு கதை படிக்கிற வாசகனின் தலையில் சுமத்தலாமா?

நடைமுறையில் இது எப்படி வருகிறது என்று காட்டுகிறேன். "நேற்று வந்த ராமனின் தம்பி." வந்தவன் யார், ராமனா, தம்பியா? "வந்த" என்ற பெயரெச்சம் பக்கத்தில் இருப்பதைப் பற்றிக்கொள்ளும், தாண்டிப்போயும் பற்றிக்கொள்ளும். "நேற்று வந்த, ராமனின் தம்பி" என்று ஒரு காற்புள்ளி வைத்தால் வந்தவன் தம்பி. இந்தக் காற்புள்ளியின் வேலையைச் செய்யக்கூடிய சொல்லோ உருபோ தமிழில் இல்லை. அதனால் இதை விடக்கூடாது. "வருகிறாயா" என்பதற்குப் பின்னால் உள்ள வினாக்குறியை விடலாம். "அப்பா வந்தாயிற்று?" என்று ஒருத்தி குரலை உயர்த்திக் கேட்கிறாள் என்றால் அந்த வினாக்குறியை விட முடியாது. அதில் ஆகாரம் இல்லை. குரல் மட்டும்தான் கேள்வி. குறியை எடுத்துவிட்டால் கேள்வி செய்தியாகிவிடும்.

மொழி ஏற்கெனவே செய்துவிட்ட வேலைக்கு மறுபடி குறி போடுவதா வேண்டாமா என்பது உங்கள் உரிமை. மொழி செய்யாமல் விட்ட இடத்தில் மட்டும் கைவைக்காதீர்கள். என் முப்பது வருடப் பிடிவாதம் இவ்வளவுதான்.

சரி, விடலாம் என்ற இடங்களில் விடுவதால் என்ன கிடைக்கிறது? ஒரு சின்ன உரையாடலை எழுதிக்காட்டுகிறேன்.

"சாப்பிட்டாயா?" என்று அம்மா கேட்டாள்.
"சாப்பிட்டேன்."
"எங்கே?"
"கடையில்."

இதே உரையாடல், குறி இல்லாமல்:

சாப்பிட்டாயா என்று அம்மா கேட்டாள். சாப்பிட்டேன் என்றான். எங்கே என்றாள். கடையில் என்றான்.

பொருளில் எள்ளளவும் குறையவில்லை. ஆனால் முதலாவதில் நாம் அந்தச் சமையலறைக்குள் நிற்கிறோம். பேச்சு காதில் விழுகிறது. இரண்டாவதில் யாரோ பல வருடங்களுக்குப் பிறகு நினைவுபடுத்திச் சொல்கிறார்கள். இருவர் குரலும் கதைசொல்லியின் குரலுக்குள் போய்விட்டன. இன்னும் ஒரு படி போகலாம்:

சாப்பிட்டாயா. சாப்பிட்டேன். எங்கே. கடையில்.

இங்கே அம்மா பதிலை எதிர்பார்த்துக் கேட்கவில்லை. தினமும் கேட்கிறாள், தினமும் இதே பதில். வினாக்குறியை எடுத்து முற்றுப்புள்ளி வைத்ததும் அந்த வீட்டின் அலுப்பு தெரிகிறது. மூன்றும் சரியான தமிழ். எந்தத் தூரத்திலிருந்து வாசகன் கேட்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். தேர்ந்தெடுத்த பிறகு கதை முழுக்க அதிலேயே நில்லுங்கள். காரணமில்லாமல் பாதியில் மாறினால் வாசகன் அதைப் பிழை என்றே எண்ணுவான், எண்ணுவது நியாயமும்கூட.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் மூத்த எழுத்தாளர் ஒருவரின் கதை மெய்ப்புக்கு வந்தது. கணவனை இழந்த ஒரு பெண் விடியற்காலையில் அடுப்பு மூட்டுகிறாள். "சர்க்கரை போதுமா. போதும். நேற்று குடையை எடுத்துப்போயிருக்கக் கூடாதா. மறந்துவிட்டேன்." இப்படிப் போகிறது பத்தி. நான் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மேற்கோள்குறி போட்டு, ஆளுக்கொரு வரியாகப் பிரித்து, வினாக்குறிகளும் வைத்து ஒழுங்குபடுத்தி அனுப்பினேன். அவர் மெய்ப்பை எடுத்துக்கொண்டு நேரில் வந்தார். கோபம் எதுவும் இல்லை. எதிரில் உட்கார்ந்து, நான் திருத்தியிருந்தபடி உரக்கப் படித்தார். இரண்டு குரலில் படித்தார், ஒன்று பெண் குரல், மற்றொன்று ஆண் குரல். பிறகு தம் கையெழுத்துப் பிரதியை எடுத்து அதே பத்தியைப் படித்தார். இப்போது இரண்டும் ஒரே குரல். படித்து முடித்துவிட்டு, "இந்த வீட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள்?" என்று கேட்டார்.

எனக்கு உடம்பு கூசிவிட்டது. நான் போட்ட குறிகள் செத்துப்போன மனிதரை உயிரோடு அடுப்படியில் உட்காரவைத்துவிட்டன. அவள் வாய்விட்டுப் பேசுகிறாளா, மனதுக்குள் பேசுகிறாளா என்பது தெரியக்கூடாது. தெரிந்தால் கதையே இல்லை. மேற்கோள்குறி என்பது "இது காற்றில் ஒலித்த சொல்" என்று சாட்சிக் கையெழுத்துப் போடுவது. அந்தச் சாட்சியம் எல்லாக் கதைக்கும் பொருந்தாது. சிவப்பு மையில் போட்ட ஒவ்வொரு குறியையும் அடித்துவிட்டு, ஓரத்தில் "உள்ளபடியே இருக்கட்டும்" என்று எழுதினேன். அன்றிலிருந்து குறி இல்லாத உரையாடலைப் பார்த்தால் முதலில் வாய்விட்டுப் படித்துப் பார்க்கிறேன். பேனாவைத் திறப்பது அதற்குப் பிறகுதான்.

காற்புள்ளியால் வாக்கியங்களை ஒட்டவைப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். "மழை வந்தது, குடை இல்லை, திண்ணையில் ஏறி நின்றேன்." ஆங்கிலம் கற்றவர்கள் இதைப் பிழை என்பார்கள், முற்றுப்பெற்ற வாக்கியங்களை வெறும் காற்புள்ளியால் இணைக்கக்கூடாது என்பது அந்த மொழியின் விதி. தமிழில் வினைமுற்றே எச்சமாக நின்று இன்னொரு வினைமுற்றைக் கொண்டு முடிவதற்கு முற்றெச்சம் என்று இலக்கணமே பெயர் வைத்திருக்கிறது. "வந்தனள் பாடினள்" என்றால் வந்து பாடினாள் என்று பொருள். முற்றுகளை வரிசையாகத் தொடுப்பது நம் காதுக்குப் புதிதில்லை. நீண்ட வாக்கியமும் அப்படியே. "எழுந்து குளித்து விளக்கேற்றி வாசலுக்கு வந்து பார்த்துவிட்டுத் திரும்பினாள்" என்று வினையெச்சங்களைக் கோத்துக்கொண்டே போகலாம். நடுவே காற்புள்ளிகள் போட்டால் ஒவ்வொரு செயலிலும் அவள் நின்று நிதானிக்கிறாள். போடாவிட்டால் ஒரே ஓட்டமாக ஓடுகிறாள். அந்தப் பெண்ணின் காலை எப்படிப்பட்டது என்று உங்களுக்குத்தானே தெரியும்.

மேற்கோளுக்குள் "போகிறேன்," என்று காற்புள்ளி வைத்து மூடிய பிறகு "என்றான்" எழுதுகிறார்களே, அது தேவையா என்று அடிக்கடி கேட்கிறார்கள். தேவையில்லை. அங்கே முற்றுப்புள்ளி வைப்பது அதைவிட மோசம். வாக்கியம் "என்றான்" வந்த பிறகுதான் முடிகிறது.

மூன்று புள்ளிகளைப் பற்றி எனக்கு மனத்தாங்கல் உண்டு. தொடர்கதைகளிலிருந்து வந்த பழக்கமோ என்னவோ, உணர்ச்சியான இடம் வந்தாலே புள்ளிகளைக் கொட்டுகிறார்கள். மூன்று ஏழாகிறது, ஏழு பன்னிரண்டாகிறது, முடிவில் இரண்டு வியப்புக்குறிகள். "அவள்... அவள்.... போய்விட்டாள்.....!!" பேச்சு உண்மையிலேயே தடுமாறும் இடத்தில் மூன்று புள்ளி வையுங்கள், நான் தொட மாட்டேன். துக்கத்தைப் புள்ளியால் பெருக்க முடியாது. "அவள் போய்விட்டாள். குடை மட்டும் கதவுக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது" என்று எழுதிப்பாருங்கள்.

எல்லோரும் மேற்கோள்குறியைப் பற்றியே பேசுகிறார்கள். தமிழ்க் கதையில் அதைவிடப் பெரிய குறிகள் இரண்டு, கண்ணுக்குப் படாமல் இருக்கின்றன: இடைவெளியும் ஒற்றும்.

"குழந்தையை அழைத்துவந்துவிட்டான்" என்று சேர்த்து எழுதினால் வேலை முடிந்தது, குழந்தை வந்துவிட்டது. "அழைத்துவந்து விட்டான்" என்றால் கூட்டிக்கொண்டு வந்து எங்கோ விட்டான். ஒரு இடைவெளிதான் வித்தியாசம். கதையில் அது ஒரு குழந்தையின் கதி. "அவன்தான் சொன்னான்" என்றால் வேறு யாரும் சொல்லவில்லை. "அவன் தான் சொன்னதை மறுத்தான்" என்றால் தன் சொல்லையே மறுத்தான். தட்டச்சு செய்யும்போது இடைவெளி விசையை விரல் போன போக்கில் தட்டுகிறோம். காற்புள்ளிக்குச் செலவிடும் யோசனையில் பாதியை இதற்குச் செலவிட்டால் போதும்.

ஒற்றும் அப்படியே. "வேலை கொடு" என்றால் உத்தியோகம் கொடு. "வேலைக் கொடு" என்றால் முருகன் கையில் இருப்பதைக் கொடு. "தந்த பலகை" யாரோ கொடுத்தது. "தந்தப் பலகை" யானையினுடையது. ஒற்றெழுத்தை நடைக்காக விடுகிறேன் என்று சொல்பவர்களிடம் நான் இணங்குவதில்லை. பேச்சுத்தமிழில் எழுதும் உரையாடலில் வாய் எப்படிச் சொல்கிறதோ அப்படி எழுதலாம். கதைசொல்லியின் வாக்கியத்தில் ஒற்று சந்தி அலங்காரம் கிடையாது, எந்தச் சொல் எதைப் பற்றியிருக்கிறது என்று காட்டும் கொக்கி.

இனி உங்களுக்குத் திருத்தி அனுப்பிய ஆசிரியரைப் பற்றி. அவரிடம் சரமாகோ பெயரைச் சொல்லாதீர்கள். உங்கள் கதையிலிருந்தே காரணம் சொல்லுங்கள். மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்திருக்கும் அக்கா, மூன்று நாள் தூங்காதவள், காதில் விழும் பேச்சு எது, நினைவிலிருந்து வரும் பேச்சு எது என்று அவளுக்கே பிரிக்கத் தெரியவில்லை. அதனால் குறி போடவில்லை. இதை இரண்டு வரியில் எழுதி அனுப்புங்கள். "எழுத்தாளர் விருப்பப்படி" என்று முதல் பக்கத்தின் தலையில் ஒரு குறிப்பு இருந்தாலே மெய்ப்பாளர் கையைக் கட்டிக்கொள்வார். எங்களிடம் வரும் பிரதிகளில் மறந்துபோய் விட்ட குறி எது, வேண்டுமென்றே விட்ட குறி எது என்று கண்டுபிடிப்பது அத்தனை எளிதில்லை. நூறு பிரதியில் நாங்கள் போடும் குறிகள் பெரும்பாலும் மறதிக்கான மருந்துதான்.

உங்கள் பத்திக்கு வருகிறேன். அதில் பதினோரு இடங்களில் அவர் குறி போட்டிருக்கிறார். பத்து இடங்களில் அவற்றை எடுத்துவிடச் சொல்லுங்கள். "என்று"வும் "என்றாள்"உம் இருப்பதால் குழப்பம் வரவில்லை. ஒரு இடத்தில் அவர் பக்கம்தான் நியாயம் இருக்கிறது:

காலையில் அப்பா வந்துவிட்டார் என்று தம்பி சொன்னான்.

அப்பா வந்தது காலையிலா, தம்பி சொன்னது காலையிலா? அப்பா எப்போது வந்தார் என்பதில்தான் உங்கள் கதையின் முடிச்சே இருக்கிறது. ஆசிரியர் "காலையில்" என்பதற்கு முன்னால் மேற்கோள்குறியைத் திறந்திருக்கிறார். அப்பா வந்தது காலையில் என்று புரிந்துகொண்டிருக்கிறார். கதையின் கடைசிப் பக்கத்தைப் பார்த்தால் நீங்கள் நினைத்தது வேறு என்று தெரிகிறது. இதற்குக் குறியும் வேண்டாம். "அப்பா வந்துவிட்டார் என்று தம்பி காலையில் சொன்னான்" என்று ஒரு சொல்லை இடம் மாற்றி அனுப்பிவிடுங்கள்.